கதவு திறந்திருக்கு, வாங்கன்னு சொல்ல ஆள் இருக்கா?

திறமூல மென்பொருள் என்றதும் பலருக்கு ஒரு கல்யாண வீடு ஞாபகத்துக்கு வரும். வாசலில் வாழைமரம், கதவு விரியத் திறந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். உரிம ஆவணத்தை எடுத்துப் படித்தாலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லும்: எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்று, பிறருக்குக் கொடு. ஆனால் அதிகம் பழக்கமில்லாத ஒரு கல்யாணத்துக்கு மொய்க்கவரோடு போய் நின்றவர்களுக்குத் தெரியும், கதவு திறந்திருப்பது ஒன்று, யாராவது எழுந்து வந்து "வாங்க வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது இன்னொன்று. முதலாவதை ஒரு வக்கீல் எழுதித் தந்துவிடுவார். இரண்டாவதற்கு ஆள் வேணும், நேரம் வேணும், அதுவும் தினம் தினம் செய்யணும்.

அந்த இரண்டாவது விஷயத்தை ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவேட்டு மென்பொருளின் கதை வழியாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கென்யாவின் எல்டோரெட் நகரில் வேர்விட்டு, ருவாண்டா, உகாண்டா, மொசாம்பிக், நைஜீரியா, ஹெய்ட்டி, நம் சத்தீஸ்கர் வரை கிளை பரப்பிய மென்பொருள் இது. பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றுக்குப் புதிய நிரலாளர்கள் வராமல் போனால் நஷ்டம் பெரிதில்லை, வேறு செயலிக்கு மாறிக்கொள்வோம். ஆஸ்பத்திரிப் பதிவேடு அப்படியில்லை. எச்ஐவி மருந்தை மாதாமாதம் வாங்க வரவேண்டிய ஒருவர் வரவில்லை என்பதை அந்தப் பதிவேடுதான் முதலில் சொல்லும். அதைப் பராமரிக்கிறவர்கள் கிழவர்களாகி, இடத்தை எடுத்துக்கொள்ள அடுத்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு வரலாற்றில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1970களின் இறுதி, அமெரிக்கா. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு நிர்வாகத்தின் கீழ் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள். கணினி என்றால் வாஷிங்டனில் உள்ள மத்திய அலுவலகத்தின் சொத்து. மருத்துவமனைக்கு ஏதாவது தேவை என்றால் மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். நம்ம ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1977-இல் டெட் ஓநீல், மார்ட்டி ஜான்சன் என்ற இருவர் அந்த நிர்வாகத்துக்குள்ளேயே வேறு வழியைத் தொடங்கினார்கள். நிரலாளரை மருத்துவமனைக்கே அனுப்பு. டாக்டருக்கும் ஆய்வகக்காரருக்கும் பக்கத்தில் உட்காரட்டும். அவர்கள் வேலை செய்வதைப் பார்த்து எழுதட்டும், பிடிக்கவில்லையா, அன்றைக்கே மாற்றட்டும்.

மத்திய அலுவலகம் இதைச் சும்மா விடவில்லை. சில இடங்களில் கணினிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள், ஆட்களை வேலையை விட்டும் அனுப்பினார்கள். ஆனாலும் வேலை திரைமறைவில் நடந்தது. 1981-இல் நிர்வாகத்தின் தலைமை மருத்துவ அதிகாரி டொனால்ட் கஸ்டிஸ் ஒரு மருத்துவமனையில் இதைப் பார்த்துவிட்டு, இது 'தலைமறைவு ரயில்பாதை' மாதிரி இருக்கிறதே என்றாராம். அடிமைகளை ரகசியமாகத் தப்பவைத்த பழைய வழிக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் அது. அவர்களும் அதையே பிடித்துக்கொண்டு உறுப்பினர் அட்டை அச்சடித்துக்கொண்டார்கள். 1982 பிப்ரவரியில் நிர்வாகத் தலைவர் ராபர்ட் நிம்மோ கையெழுத்துப் போட்டு இதை அதிகாரபூர்வத் திட்டமாக்கினார். பிற்பாடு 'விஸ்டா' என்று பெயர் பெற்ற மென்பொருள் இதுதான்.

இதன் சட்டநிலை சுவாரஸ்யமானது. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பணியில் எழுதியதற்குக் காப்புரிமை கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு கொடுத்தால் மூலநிரல் முழுவதையும் கொடுத்துவிடுவார்கள். எந்த உரிமத்தையும்விட அகலமான கதவு. ஆனால் அந்தக் கதவைத் தாண்டினால் எதிரே நிற்பது மம்ப்ஸ் என்ற நிரல்மொழி. 1966-67 வாக்கில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆக்டோ பார்னெட்டின் ஆய்வகத்தில் பிறந்தது. நினைவகம் தங்க விலை விற்ற காலம். அதனால் ஒவ்வொரு கட்டளையையும் ஒற்றை எழுத்தாகச் சுருக்கலாம், ஒரே வரியில் பத்து வேலையை நெருக்கி அடைக்கலாம். பழையகாலத் தந்தி வாசகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதையே பல்லாயிரம் பக்கம். பழகினவனுக்கு அது வேகமும் அழகும். புதிதாக வருகிறவனுக்கு கோழி கிண்டிய குப்பை.

விஸ்டாக்காரர்கள் முசுடுகள் என்று சொல்ல வரவில்லை. தங்களை 'ஹார்ட்ஹாட்ஸ்' என்று அழைத்துக்கொண்ட அந்தக் கூட்டத்தில் கேட்டவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் தாராளம் இருந்தது. 2002-இல் வேர்ல்ட்விஸ்டா என்ற லாபநோக்கற்ற அமைப்பு தொடங்கி, அமெரிக்காவுக்கு வெளியேயும் கொண்டுபோக முயன்றார்கள். ஜோர்டான் நாட்டின் ஹக்கீம் திட்டம் விஸ்டாவின் மேல் கட்டியதுதான். ஆனால் கற்கும் முறை குருகுலம். குருவின் காலடியில் சில வருஷம் உட்காரணும். எது எங்கே இருக்கிறது, ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதில் பாதி குருவின் தலைக்குள். குருவுக்கோ ஒவ்வொரு வருஷமும் ஒரு வயசு கூடுகிறது. 2018-இல் படைவீரர் துறை விஸ்டாவைக் கைவிட்டு செர்னர் நிறுவனத்தோடு 1000 கோடி டாலர் அளவில் ஒப்பந்தம் போட்டது. பராமரிப்புச் செலவு, பழைய தொழில்நுட்பம், தெரிந்த ஆட்கள் ஓய்வு பெற்றுவருவது எல்லாம் அதற்கான வாதங்களில் அடக்கம். (புது மென்பொருள் 2020-இல் முதல் மருத்துவமனையில் ஓடத் தொடங்கி, புகார் மேல் புகாராக வந்து, 2023-இல் விரிவாக்கத்தை நிறுத்திவைத்தார்கள். பழசைத் திட்டுவது சுலபம்.)

ஒரு மென்பொருளின் நிரல்மொழியும், அது எழுதப்பட்ட விதமும், புதியவரை வரவேற்பதில் ஒரு கட்சிதான் என்பதற்காகவே இவ்வளவு நீட்டினேன். எவ்வளவு நல்ல மனுஷர்கள் உள்ளே இருந்தாலும், படி ஆறடி உயரத்தில் இருந்தால் ஏறுகிறவர் குறைவுதான்.

இனி எல்டோரெட். கென்யாவின் மேற்கே, மேட்டுநிலத்தில், மோய் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர். 1990 வாக்கிலிருந்தே இண்டியானா பல்கலைக்கழக மருத்துவர்கள் அங்கே போய்வந்துகொண்டிருந்தார்கள். 2001-இல் இரு தரப்பும் சேர்ந்து எச்ஐவி சிகிச்சைக்காக ஆம்பாத் என்ற திட்டத்தைத் தொடங்கின. அதே வருஷம் அருகிலுள்ள மோசோரியோட் கிராமச் சுகாதார நிலையத்தில் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் ஒரு சின்னப் பதிவேட்டையும் போட்டார்கள். சின்ன நிலையத்துக்கு அது போதுமானதாக இருந்தது. மருந்து கிடைக்கத் தொடங்கியதும் நோயாளிகளின் எண்ணிக்கை நூறுகளிலிருந்து ஆயிரங்களுக்குத் தாவியது. ஆக்ஸஸ் தாங்கவில்லை.

2004-இல் இண்டியானாபொலிஸின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்திலிருந்து பர்க் மாம்லின், பால் பயாண்டிச் என்ற இரு மருத்துவர்கள் எல்டோரெட்டுக்குப் போனார்கள். இருவருக்கும் தகவலியலும் தெரியும். ரீகன்ஸ்ட்ரீஃபில் 1970களின் தொடக்கம் முதலே கிளெம் மெக்டொனால்டின் தலைமையில் கணினிப் பதிவேடு ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அவர்கள் எடுத்துவந்த ஒரு யோசனைதான் இந்தக் கதையின் மையம். அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், தொழில்நுட்பம் பிடிக்காதவர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணமாகத் தரவுத்தளம் கட்டுகிறவர் ஒரு பெரிய அட்டவணை போடுவார். எடை ஒரு பத்தி, ரத்த அழுத்தம் ஒரு பத்தி, இருமல் உண்டா இல்லையா ஒரு பத்தி. நாளைக்கு டாக்டர் வந்து, "இரவில் வேர்க்கிறதான்னும் கேட்கணும்" என்றால் நிரலாளரைக் கூப்பிட்டு அட்டவணையை உடைத்துக் கட்டணும். ஓப்பன்எம்ஆர்எஸ்ஸில் அப்படியில்லை. கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்வியும், சொல்லக்கூடிய ஒவ்வொரு பதிலும் ஓர் அகராதியில் ஒரு பதிவு. நோயாளியைப் பற்றிய ஒவ்வொரு கவனிப்பும், 'இந்த நாளில், இந்த ஆளிடம், அகராதியின் இந்தக் கேள்விக்கு, இந்தப் பதில்' என்று ஒரு வரி. புதிய கேள்வி வேண்டுமா, அகராதியில் ஒரு பதிவைச் சேர்த்தால் போச்சு. நிரல் ஒரு வரிகூட எழுதவேண்டாம்.

இதைப் பொறியியல் நேர்த்தி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு இது ஒரு வரவேற்பு ஏற்பாடாகவும் படுகிறது. நிரல் எழுதத் தெரியாத தரவு மேலாளர், நர்ஸ், கிளினிக் குமாஸ்தா எல்லோருக்கும் மென்பொருளை மாற்றும் அதிகாரம் இதனால் கிடைத்தது. பிற்பாடு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கான்டர் தொகுத்துப் பராமரித்த சீல் அகராதி வந்ததும், ஒரு புதிய கிளினிக் வெறும் பலகையிலிருந்து தொடங்கவேண்டிய அவசியமும் போயிற்று. இதோடு 'மாட்யூல்' ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மையநிரலைத் தொடாமல் பக்கத்தில் ஓர் அறை கட்டிக்கொள்ளும் வசதி அது. புதியவர் தப்புச் செய்தாலும் வீடு இடிந்து விழாது.

வரைபடம் மருத்துவர்களுடையது என்றாலும் பென் வுல்ஃப் என்ற நிரலாளர் வந்துதான் அது ஓடத் தொடங்கியது. அதே 2004-இல் ஹேமிஷ் ஃப்ரேசர் இவர்களோடு சேர்ந்தார். பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பில் பெருவுக்கும் ஹெய்ட்டிக்கும் இதே மாதிரிப் பதிவேடுகளைக் கட்டியவர். ஆளுக்கொரு மென்பொருள் கட்டுவதை நிறுத்திவிட்டு ஒன்றையே கட்டுவோம் என்று முடிவானது. தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்தது. 2006 பிப்ரவரியில் எல்டோரெட், ஆகஸ்டில் ருவாண்டாவின் ரிங்க்வாவு, அதே வருஷம் குவாசூலு நட்டாலின் ரிச்மண்ட் மருத்துவமனை என்று மூன்று இடத்தில் ஓடத் தொடங்கியது.

கவனிக்கவேண்டியது இதுதான்: இந்த மூன்று ஊர்களும் ஆப்பிரிக்காவில். எழுதினவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில். இந்த இடைவெளிதான் அடுத்த இருபது வருஷக் கதை.

2007-இல் கூகுளின் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில் ஓப்பன்எம்ஆர்எஸ் சேர்ந்தது. கோடை விடுமுறையில் மாணவர்கள் திறமூலத் திட்டங்களுக்கு வேலை செய்வார்கள், கூகுள் உதவித்தொகை கொடுக்கும், திட்டத்துக்காரர்கள் வழிகாட்டியாக இருப்பார்கள். மருத்துவ மென்பொருள் என்ற பேரைக் கேட்டதும் ஓடிவிடக்கூடிய இருபது வயசுப் பிள்ளைகளை ஈர்க்க இவர்களிடம் ஒரு வாசகம் இருந்தது: நிரல் எழுது, உயிரைக் காப்பாற்று. கொஞ்சம் நாடகத்தனமான வாசகம்தான், ஆனால் வேலை செய்தது. இங்கே நமக்கு நெருக்கமான ஒரு தொடர்பும் உண்டு. இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் 'சம்மர் ஆஃப் கோட்'டின் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம். 2004 சுனாமிக்குப் பின் கொழும்பில் சஹானா என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளைச் சில நாட்களில் எழுதி எழுப்பிய சூழலும் அதே தீவுதான். மனிதாபிமான மென்பொருள் என்றால் என்ன என்று அங்கே யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஓப்பன்எம்ஆர்எஸ்ஸிலும் இலங்கை மாணவர்கள் வந்தார்கள், சிலர் தங்கி வழிகாட்டிகளும் ஆனார்கள்.

புதியவர் வந்தால் என்ன செய்யணும் என்பதை இந்தச் சமூகம் மெல்ல மெல்ல எழுத்தில் கொண்டுவந்தது. வேலைப் பட்டியலில் சில வேலைகளுக்கு 'அறிமுக வேலை' என்று சீட்டு ஒட்டிவைத்தார்கள். கைதேர்ந்தவர் பத்து நிமிஷத்தில் முடித்துவிடக்கூடிய வேலைதான், வேண்டுமென்றே தொடாமல் விட்டுவைத்தார்கள். இதைச் செய்ய எவ்வளவு பொறுமை வேணும் என்பது, குழந்தை தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளட்டும் என்று பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும்போது காத்திருக்கிற அம்மாவுக்குத் தெரியும். 2011-இல் கூகுள் நடத்திய ஆவண முகாமில் உட்கார்ந்து புதிய நிரலாளர்களுக்கான கையேட்டை எழுதினார்கள். மென்பொருளை நிறுவி நடத்துகிறவர்களுக்குத் தனிக் கையேடும் உண்டு.

பிற்பாடு ஒரு ஏணியும் வந்தது. புதியவர் 'டெவ்-நல்' நிலையில் தொடங்கி 'டெவ்-ஐந்து' வரை ஏறலாம். ஒவ்வொரு படிக்கும் என்ன தெரிந்திருக்கணும், எத்தனை வேலை முடித்திருக்கணும் என்று பட்டியல், வினாடி வினாவும் உண்டு. யூனிக்ஸ் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். டெவ்-நல் என்பது யூனிக்ஸில் வேண்டாததைக் கொட்டும் படுகுழி, எதைப் போட்டாலும் காணாமல் போகும். வாசலில் வந்து நிற்கிறவனுக்கு வைக்கிற பேரா இது! வேடிக்கைக்காக வைத்ததுதான், உள்ளே இருக்கிறவர்களுக்குப் புரியும். ஆனால் வேடிக்கை புரிவதற்கே ஒருவர் பாதி உள்ளே வந்திருக்கணும் என்பதும் உண்மை.

புதியவர் எப்படித் திறமூலத் திட்டத்துக்குள் நுழைகிறார் என்பதைப் பற்றி ஆராய்ச்சிகளும் உண்டு. 2003-இல் கியோர்க் ஃபான் க்ரோவும் சகாக்களும் ஃப்ரீநெட் திட்டத்தை ஆராய்ந்து, எழுதப்படாத ஒரு 'சேர்க்கைச் சடங்கு' இருப்பதைக் கண்டார்கள். வந்ததும் பெரிய யோசனை சொல்கிறவரை யாரும் சீந்துவதில்லை. ஒரு சின்னப் பிழையைத் திருத்திக்கொண்டு வந்து நிற்கிறவருக்கு இடம் கிடைக்கிறது. பிற்பாடு பிரேசிலின் இகோர் ஸ்டைன்மாகர் புதியவரின் தடைகளை எண்ணி 58 என்று வகைப்படுத்தினார். பதில் வராமை, தாமதமாக வருதல், யாரைக் கேட்பது என்று தெரியாமை, தன் கணினியில் நிறுவவே முடியாமை, காலாவதியான ஆவணம் என்று போகும் அந்தப் பட்டியல். ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் ஏணி, எழுதப்படாத சடங்கை எழுதி வாசலில் மாட்டிவைத்தது. இது பெரிய விஷயம். மறைமுக விதி எப்போதும் ஏற்கெனவே நண்பர்கள் உள்ளவனுக்கே சாதகம்.

சரி, இந்த வீடு புதியவரை நன்றாக வரவேற்கிறதா? மற்றத் திட்டங்களை அளக்கும் கோலை அப்படியே இங்கே வைத்தால் தப்பாகிவிடும், ஏனென்றால் மருத்துவ மென்பொருளுக்கே உரிய சில தடைகள் இருக்கின்றன.

முதல் தடை, புதியவரிடம் நோயாளி இல்லை. பாட்டுச் செயலிக்கு நிரல் எழுதுகிறவன் பாட்டுக் கேட்கிறவன்தான். எச்ஐவி கிளினிக்கின் பதிவேட்டுக்கு நிரல் எழுதுகிற கொழும்பு மாணவன் அப்படி ஒரு கிளினிக்கைக் கண்டிருக்கமாட்டான். நிஜத் தரவைக் காட்டவும் முடியாது, அது மனிதர்களின் ரகசியம். ஓப்பன்எம்ஆர்எஸ்ஸில் இதற்காக அடையாளம் நீக்கிய 5000 நோயாளிகள், சுமார் 5 லட்சம் கவனிப்புகள் கொண்ட மாதிரித் தரவு கிடைக்கிறது. நான் மதிப்பெண் போடுவதாக இருந்தால் இதற்கு நிறையவே போடுவேன். கேள்வி கேட்கும் முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பதும் ஒருவகை உபசாரம்.

இரண்டாவது, கண்டிப்பு. புதியவர் மனம் நோகக்கூடாது என்று அவர் அனுப்பிய நிரலை அப்படியே சேர்த்துக்கொள்ள இங்கே முடியாது. மருந்தளவில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் விலை கொடுக்கிறவர் வேறொருவர். எனவே ஒவ்வொரு வரியையும் மூத்தவர் படித்துக் கருத்துச் சொன்னபின்தான் சேர்க்கிறார்கள். புதியவருக்கு இது அவமானமாகப் படலாம். என் அபிப்பிராயத்தில் இங்கே பார்க்கவேண்டியது, எத்தனை குறை சொன்னார்கள் என்பதை இல்லை, எத்தனை நாளில் சொன்னார்கள் என்பதைத்தான். ரெண்டு நாளில் பத்துக் குறை வந்தால் ஆள் திருத்திக்கொண்டு திரும்பி வருவான். ரெண்டு மாசம் மௌனமாக இருந்தால் பாராட்டே வந்தாலும் படிக்க அவன் இருக்கமாட்டான். மூத்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கிற எல்லாத் திட்டத்திலும் இந்த மௌனம் உண்டு, ஓப்பன்எம்ஆர்எஸ் விதிவிலக்கில்லை. 'சம்மர் ஆஃப் கோட்' விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். தேர்வுக்கு முன் ஒரு திருத்தமாவது காட்டணும் என்று மாணவர் கூட்டம் மொத்தமாக வந்து குவியும். அறிமுக வேலைகள் காலைச் சந்தைக் கத்தரிக்காய் மாதிரி நொடியில் தீர்ந்துபோகும். கோடை முடிந்ததும் முக்கால்வாசிப் பேர் போய்விடுவார்கள். அவர்கள் கட்டிய பக்கத்து அறைகள், அதாவது மாட்யூல்கள், பெருக்க ஆளில்லாமல் கிடக்கும்.

மூன்றாவதைப் பேசுகிறவர்கள் குறைவு: நேரம், மின்சாரம், இணையம். இண்டியானாபொலிஸில் காலை பத்து மணிக்கு ஒரு குழு அழைப்பு வைத்தால் நைரோபியில் மாலை ஐந்தோ ஆறோ, கொழும்பில் இரவு ஏழரையோ எட்டரையோ. ஐந்து மணிக்கு நைரோபியில் ஒரு நிரலாளர் அழைப்பில் இருக்கணுமா, வீட்டுக்கு மட்டாட்டு வண்டி பிடிக்கணுமா? ஜாவா, ஸ்ப்ரிங், ஹைபர்நேட் என்று அடுக்கடுக்கான கருவிகளை முதல்முறை இறக்கவே பெரிய இணையக் கொள்ளளவு வேணும். அமெரிக்க அலுவலகத்தில் இருக்கிறவருக்கு இது ஒரு காபி குடிக்கிற நேரம். எல்டோரெட்டில் 2006-இல் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பிற்பாடு முகப்பு முழுவதையும் ரியாக்ட்டுக்கு மாற்றினார்கள். இன்றைய இளைஞருக்குத் தெரிந்த கருவி என்பதால் படி ஒன்று தாழ்ந்தது என்பேன். மம்ப்ஸின் கதையை இவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆனால் பழைய முகப்பில் தேறி வந்த ஆப்பிரிக்க நிரலாளர்கள் ஒரே நாளில் மறுபடியும் புதியவர்கள் ஆனார்கள் என்பதும் அதே மாற்றத்தின் இன்னொரு பக்கம்.

இந்த இடைவெளியை நேராகப் பார்த்த முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கிகாலியில் நடந்தது. 2000களின் இறுதியில் ருவாண்டாவில் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் தரப்பினர், கணினி படித்த உள்ளூர்ப் பட்டதாரிகளை எடுத்து, ஜாவாவையும் மருத்துவத் தகவலியலையும் ஓப்பன்எம்ஆர்எஸ்ஸையும் முழுநேரமாகக் கற்பித்தார்கள். கையேடு எழுதிவைத்துவிட்டு வரட்டும் என்று காத்திருக்கவில்லை, போய்க் கூட்டிவந்தார்கள், வகுப்பறை போட்டார்கள். அந்த நாட்டின் கிளினிக்கைப் பார்த்தவர்கள், அந்த நாட்டின் மொழி பேசுகிறவர்கள். மேலே சொன்ன 'நோயாளி இல்லாத நிரலாளர்' என்ற தடை இவர்களுக்குக் கிடையாது. ஒரு கோடைக்கு வந்துபோன மாணவரையும் இவர்களையும் ஒரே கணக்கில் 'புதியவர்' என்று எண்ணுவது சரியில்லை.

நம் நாட்டில் சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்திய சஹயோக் மருத்துவமனைக்காக தாட்வொர்க்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'பாம்னி'யும் இந்த ரகம்தான். ஓப்பன்எம்ஆர்எஸ்ஸை உள்ளே வைத்து, ஆய்வகத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என இன்னும் இரண்டு திறமூல மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டியது. பிலாஸ்பூர் பக்கத்துக் கிராமத்து ஆஸ்பத்திரிக்காக எழுதியது பிறகு பல நாடுகளுக்குப் போயிற்று. இங்கே நிரலாளர்கள் வந்தது சம்பளத்துக்கு, சேவை மனப்பான்மையோடும்தான். ஒரு நிறுவனத்தின் ஆட்களை நம்பி இருக்கும் திட்டத்தில் வெளியார் நுழைவது கடினம் என்ற கேள்வி எழுந்து, பிற்பாடு பல அமைப்புகள் சேர்ந்த கூட்டணியாக அதை மாற்றினார்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்திவைத்தபோது இதெல்லாம் தத்துவ விவாதமாக இல்லாமல் போயிற்று. ஆப்பிரிக்காவின் எச்ஐவி சிகிச்சைத் திட்டங்களுக்கும், அவற்றின் பதிவேடுகளைப் பராமரித்த பல பணியிடங்களுக்கும் அந்தப் பணம்தான் ஆதாரம். மென்பொருளை யாரும் பிடுங்கிக்கொண்டு போக முடியாது, உரிமம் அதற்குக் காவல். ஆனால் நாளைக்கு மருந்துப் பட்டியல் மாறினால் மாற்ற ஆள் யார்? நாட்டில் ரெண்டு பேருக்காவது மையநிரலைத் திறந்து பார்க்கத் தெரியுமா? ஏணியில் டெவ்-ஒன்று, இரண்டில் எத்தனை பேர் என்பது முக்கியமே இல்லை. மூன்றிலிருந்து நான்குக்கு ஏறினவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதைப் பார்க்கணும், யார் நிரலைச் சேர்க்கும் சாவியை வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கணும். இந்த அளவுகோலில் 2006-ஐவிட நிலைமை நிச்சயம் மேல். இன்றைக்கு உகாண்டா, கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளுக்கு ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் தேசியப் பதிப்புகள் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றைக் கட்டிப் பராமரிப்பதில் அந்தந்த நாட்டு நிரலாளர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

அதனால் கம்பாலாவிலோ நைரோபியிலோ படிப்பை முடித்த ஒரு பெண் நாளைக்கு இந்தத் துறைக்குள் வர நினைத்தால், இண்டியானாபொலிஸின் கதவைத் தட்டவேண்டியதில்லை. தன் நாட்டுப் பதிப்பின் வாசலில் போய் நிற்பாள். அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் அரசு அமைச்சகத்துக்காக, நன்கொடையாளர் கெடுவுக்குள் கட்டப்பட்டவை. அவற்றின் வேலைப் பட்டியலில் அறிமுக வேலை என்று ஒதுக்கிவைக்க யாருக்காவது அவகாசம் இருந்ததா, அங்கே அவளுடைய முதல் கேள்விக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது என்பதைத்தான் அடுத்து யாராவது உட்கார்ந்து எண்ணவேண்டும்.